யெர்கோ டேங்குக்கு ஊற்றிய ராக்கியா

யெர்கோவின் ஓட்டுநர் உரிமம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அவருடைய மெர்சிடிஸ் மூச்சை நிறுத்தி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. திங்கட்கிழமை காலை அவர் கொட்டகைக் கதவின் பூட்டை உடைத்தபோது கையில் இருந்தது ஐந்து நாள்.

பூட்டை உடைக்க வேண்டியதே இல்லை. சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. சாவித் துவாரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று சொல்ல வெட்கம். சுத்தியலை எடுத்துப் பூட்டின் குடலே தெறிக்கிற மாதிரி நாலு போடு போட்டார். சத்தம் கேட்டு அவர் மனைவி அஞ்ஜா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன மனுஷா, திருடனா நீ? சொந்தக் கொட்டகையை உடைக்கிற!"

"பூட்டு துரு."

"துருவா! போன வாரம்தான் நான் எண்ணெய் விட்டேன்."

யெர்கோ உடைந்த பூட்டைச் செருப்பால் ஓரம் தள்ளினார். போன வாரம் ஸ்ப்ளிட் நகரத்துக் கண் டாக்டரம்மா உரிமத்தைப் புதுப்பிக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதையும் அவர் பாதிதான் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில், "ஏதோ ஆபீஸ் சிக்கல், பதினெட்டாம் தேதிக்கு மேல வண்டி ஓட்டக்கூடாதாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். அஞ்ஜா விடவில்லை. "ஆபீஸ் சிக்கலுக்கா ரெண்டு மணி நேரம் இருட்டு ரூம்ல உட்கார வச்சாங்க?" என்று கேட்டாள். அதற்கும் ஜன்னல்தான் பதில்.

அவர் கேட்டது பெரிய வரம் ஒன்றும் இல்லை. அவர் ஊரான கோர்ன்யே செலோவிலிருந்து கீழே இமோட்ஸ்கி நகரத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். காபி நேரத்தில், கடைத்தெருவில் எல்லா நாற்காலியும் நிறைந்திருக்கும்போது, அந்தப் பச்சை மெர்சிடிஸில் தானே ஸ்டீரிங்கைப் பிடித்து ஒரு தரம் போய்விட்டுத் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள். அதற்கப்புறம் அரசாங்கம் உரிமத்தை வாங்கி அடுப்பில் போட்டுக்கொள்ளட்டும்.

இமோட்ஸ்கிக்காரர்களிடம் இந்த ஆசைக்குக் காரணம் கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கல்லும் காற்றும் மட்டுமே விளைகிற மண். அறுபதுகளில் ஊரில் இருந்த ஆம்பிளைகளை எல்லாம் ஜெர்மனி உறிஞ்சிக்கொண்டது. திரும்பி வந்தவர்கள் முன்னால் நட்சத்திரம் வைத்த மெர்சிடிஸில்தான் திரும்பி வந்தார்கள். நடந்து வந்தவனை நாயும் மதிக்கவில்லை.

யெர்கோ போனது அறுபத்தொன்பதில், இருபத்து மூன்று வயதில். மன்ஹைமில் சாரம் கட்டுகிற வேலை. ஒரு அறைக்கு எட்டுப் பேர், எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு, அடுப்பில் எப்போதும் பீன்ஸ். அங்கே அவர் தின்ற பீன்ஸை எல்லாம் ஒன்றாக வேகவைக்க இமோட்ஸ்கியின் நீல ஏரி பற்றாது, சிவப்பு ஏரியையும் கடன் கேட்க வேண்டும். ஜனவரியில் இரும்புக் குழாயைத் தொட்டால் உள்ளங்கைத் தோல் குழாயோடு போய்விடும். வருஷத்துக்கு ஆகஸ்டில் மூன்று வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் வீடு. மகன் ஸ்லாவென் பதினாறு வயதுவரை அப்பாவை மொத்தம் ஒன்றேகால் வருஷம்தான் பார்த்திருந்தான்.

பதினாலாம் வருஷத்தில் அந்த வண்டியை வாங்கினார். ஆறு சிலிண்டர், இன்ஜெக்ஷன். எண்பத்து மூன்று டிசம்பரில் பனியில் அதை ஊருக்குள் ஓட்டி வந்தபோது பாதிரியார் வெறுந்தலையோடு வெளியே வந்து புனித நீர் தெளித்தார். "இதுல கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலைப் பீச்சி அடிக்கும்" என்று யெர்கோ கோவில் வாசலில் நின்று சொன்னார். ஊர் முழுக்க, பூசையில் லத்தீன் கேட்ட காலத்தில் தலையாட்டியது போலவே, ஒன்றும் புரியாமல் பயபக்தியோடு தலையாட்டியது.

ஊர் தலையாட்டியது அந்த ஒரு தரம்தான். எண்பத்தெட்டில் அவர் நிரந்தரமாக வந்தார். தொண்ணூற்றொன்றில் போர் வந்தது. நல்ல வண்டியைப் பார்த்தால் பட்டாளம் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. யெர்கோ வண்டியைக் கொட்டகைக்குள் விட்டு, மரக்கட்டை மேல் தூக்கி வைத்து, முன்னால் வைக்கோல் சுவர் எழுப்பினார். போர் முடிந்ததும் வைக்கோலை எடுத்தார், வண்டியை எடுக்கவில்லை.

"ஸ்லாவென் கல்யாணத்துக்கு" என்றார். "ஊர்வலத்துல முதல் வண்டி இதுதான். ஜன்னல்ல கொடியைப் பிடிச்சிட்டு, கோவில் வரைக்கும் ஹாரனை விடாம அடிச்சிட்டுப் போகணும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

ஸ்லாவெனுக்கு முப்பது ஆயிற்று, நாற்பது ஆயிற்று. வேலை தேடி அயர்லாந்துக்குப் போனான். மூன்று வருஷம் கழித்து அஞ்ஜாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. ஏதோ ஒரு அலுவலக வாசலில், குடைக்குக் கீழே, ஒரு சிவப்புத் தலைமுடிப் பெண்ணோடு அவன். கல்யாணம் பத்து நிமிஷத்தில் முடிந்ததாம். திரும்பும்போது பஸ்ஸில் போனார்களாம்.

"பஸ்ஸிலயா?" என்று கேட்டார் யெர்கோ. அதற்கப்புறம் அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நெதில்கோ வந்தான். பக்கத்து வீட்டுக்காரர் மகன், ஐம்பது வயது, கை முழுக்க கிரீஸ், வாய் முழுக்க கேலி. இமோட்ஸ்கிப் பக்கத்தில் பழைய இன்ஜெக்ஷன் வண்டிகளைத் தொடத் தெரிந்தவன் அவன்தான். மற்றவர்கள் கம்ப்யூட்டர் ஒயரைச் சொருகத் துவாரம் தேடுவார்கள்.

"சித்தப்பா, காபிக் கடையில என்ன சொல்றாங்க தெரியுமா? சதுக்கத்துல கல்லுல செதுக்கி வச்சிருக்கே ஒரு மெர்சிடிஸ், அது உங்களுதுக்கு முன்னாடி கிளம்பிடுமாம்."

"சொல்றவன் வாயில பேட்டரியை மாட்டு. வெள்ளிக்கிழமை ஓடுமா, ஓடாதா?"

"முதல்ல பார்க்கிறேன். இதோட வித்தையே பெட்ரோல்தான். பம்ப் அழுத்தமா தள்ளும். முன்னால ஒரு இரும்புத் தலை இருக்கு, அது அதை ஆறு பங்காப் பிரிச்சு ஆறு இன்ஜெக்டருக்கும் அனுப்பும். அந்தத் தலைக்குள்ள சுண்டுவிரல் நுனியளவு ஒரு உருளை மேலும் கீழும் போகும். அதுல ஒரு மயிரிழை பிசின் ஒட்டினாலும் போச்சு. டேங்க்ல எவ்வளவு விட்டு நிறுத்தினீங்க?"

"காலி பண்ணித்தான் நிறுத்தினேன். ரெண்டு லிட்டர் இருந்திருக்கும்."

நெதில்கோ வண்டிக்கு அடியில் படுத்து டேங்கின் அடித் திருகைக் கழற்றினான். வாளி நிறைந்தது. இரண்டாவது வாளியும் பாதிக்கு வந்தது. மேலே கொஞ்சம் தேன் நிறத்தில் எண்ணெய்ப் படலம், அடியில் முழுக்கக் காபிக் கசடு போலத் துருத் தண்ணீர். அஞ்ஜாவின் வாத்து ஒன்று வந்து வாளியை முகர்ந்து பார்த்துவிட்டு, அன்று சாயங்காலம் வரை முற்றத்தில் வட்டமாகவே நடந்தது.

"சித்தி, இங்க வாங்க" என்று கூப்பிட்டான் நெதில்கோ. "இதை மோந்து பாருங்க. என்ன வாசனை?"

அஞ்ஜா குனிந்தாள். நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். "ராக்கியா! நம்ம வீட்டு ராக்கியா!"

யெர்கோ கொட்டகையின் கூரையில் எதையோ தேடினார்.

"மனுஷா, உன்னைத்தான் கேக்கிறேன். வண்டிக்கு எவன் சாராயம் ஊத்தினது?"

"நான்தான்."

"எதுக்கு?"

யெர்கோ தரையில் கிடந்த வைக்கோல் துணுக்கைக் காலால் தேய்த்தார். "கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு கோப்பை எடுத்துக்கிட்டு ஆரோக்கியம்னு சொல்றோம் இல்ல... அது இங்க தனியா நிக்குதேன்னு..."

"கிறிஸ்துமஸுக்கு மட்டுமா?"

"ஈஸ்டருக்கும். ஊர்த் திருவிழாவுக்கும். ஸ்லாவென் பிறந்தநாளுக்கும்." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்கினார். "அந்தப் போட்டோ வந்த அன்னைக்கு ரெண்டு கோப்பை."

இந்த ஊரில் ராக்கியா போகாத இடம் இல்லை. பல்வலிக்கு, வெட்டுக் காயத்துக்கு, குழந்தையின் காய்ச்சலுக்கு, செத்தவன் மார்பில் தடவுவதற்கு. குளிரில் உறையாது, வைத்தால் கெடாது. அதனால் வண்டிக்கும் அது நல்லதைத்தான் செய்யும் என்று யெர்கோ நம்பினார். அவர் வீட்டுச் சரக்கில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. இருபத்தெட்டு வருஷம், வருஷத்துக்கு நாலு கோப்பை. அதுவும் யெர்கோவின் கோப்பை. விருந்தாளியே இரண்டு கையால் தூக்குகிற கோப்பை. சாராயம் மூடி இடுக்கு வழியே ஆவியாகிப் போய்விட்டது. தண்ணீர் அடியில் தங்கி, டேங்கைத் தின்று, குழாயைத் தின்று, பம்பைத் தின்றுவிட்டு முன்பக்கம் போயிருந்தது.

நெதில்கோ சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. "சித்தப்பா, பட்டாளம் கொண்டுபோயிருந்தாக்கூட இதைவிட நல்லா இருந்திருக்கும். உங்க வண்டி துருப்பிடிச்சுச் சாகல, குடிச்சே செத்திருக்கு."

யெர்கோ சிரிக்கவில்லை. சுவரோரம் கிடந்த ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக அவர் போரைத் திட்டினார், ஜெர்மனியைத் திட்டினார், அயர்லாந்தைத் திட்டினார், மழையைக்கூடத் திட்டினார். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல் இப்போதுதான் முதல் தரம் உட்கார்ந்திருந்தார்.

"போய் வேற எவனாவது ஏமாளி கிடைச்சா வேலை பாரு நெதில்கோ. இதை விடு."

"விடறதா? குடிகாரனைக் குளிப்பாட்டி எழுப்ப எனக்குத் தெரியாதா? எங்கப்பாவை எத்தனை தரம் எழுப்பியிருக்கேன்!"

செவ்வாய்க்கிழமை டேங்கைக் கழற்றி வெளியே போட்டான். துருவைத் தட்டி உதிர்த்துவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் நட்சத்திரம் தெரிந்தது, அத்தனை ஓட்டை. அதை மறந்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் கேனைப் பின்பெட்டியில் கட்டி, அதிலிருந்து குழாய் இழுத்தான். பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து ஒரு பம்ப் கொண்டுவந்தான். இரும்புத் தலையைக் கழற்றி அஞ்ஜாவின் சூப் பானையில் கரைப்பான் ஊற்றி ஊறப்போட்டான். அந்தப் பானையில் இனி ஏழு தலைமுறைக்கும் சூப் வைக்க முடியாது என்று அஞ்ஜா கத்தினாள். கத்திக்கொண்டே மூடியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

புதன்கிழமை முழுக்க அந்தச் சுண்டுவிரல் நுனியளவு உருளை நகரவில்லை. நெதில்கோ அதைச் சூடாக்கினான், குளிர வைத்தான், அதன் அம்மாவைப் பற்றி அசிங்கமாகப் பேசினான். யெர்கோ பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் போகவில்லை. இரவு படுக்கையில் அஞ்ஜா, "வேற வண்டியில போயிட்டு வாயேன், நம்ம சின்ன வண்டி இருக்கே" என்றாள்.

"அதுல நான் தினம் உருளைக்கிழங்கு ஏத்திட்டுப் போறேன்."

"அதனால என்ன?"

"ஜெர்மனியில பத்தொன்பது வருஷம் அஞ்ஜா. அதுக்குப் பதிலா என்கிட்ட இருக்கிறது அந்தப் பச்சைத் தகரம் ஒண்ணுதான். அதையும் நான் ஓட்டல." அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "பையன் இங்க வளர்ந்தான், நான் அங்க சாரத்துல ஏறினேன். யாருக்காக ஏறினேன்னு கேட்டா, கொட்டகையைத்தான் காட்டணும்."

அஞ்ஜாவுக்கு இதற்குப் பதில் இருந்தது. பத்தொன்பது வருஷம் ஒற்றை ஆளாக ஆடு, திராட்சை, மாமியார், பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவளுக்குப் பதில் இல்லாமல் போகுமா? அன்றைக்கு அதை விட்டுவிட்டு, போர்வையை இழுத்து அவர் தோளை மூடினாள்.

வியாழக்கிழமை காலை உருளை 'டக்' என்று விழுந்தது. நெதில்கோ கொட்டகையைச் சுற்றி ஆடினான். ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி, அத்திப்பழ ஜாம் பாட்டில்கள் ஆறை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு இன்ஜெக்டர் மூக்கைச் சொருகிப் பம்பை ஓடவிட்டான். பனிமூட்டம் போலக் கூம்பாகப் பீச்ச வேண்டும். நாலு பீச்சின. ஒன்று கிழவன் மாதிரி சொட்டியது. ஒன்று ஊமை.

"எந்தப் பாட்டில் காலி, சித்தப்பா?" என்று கேட்டான் நெதில்கோ, குழாயைப் பிடித்தபடியே.

யெர்கோ குனிந்தார். குனிந்து, பாட்டில்களைக் கண்ணால் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தார். "இது."

நெதில்கோ அவரை ஒரு கணம் பார்த்தான்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, டயரில் காற்றடித்து, வண்டியைக் கட்டையிலிருந்து இறக்கி முற்றத்துக்குத் தள்ளி, சாவியைத் திருப்பினார்கள். பம்ப் முனகியது, ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பேட்டரி தீர்ந்தது. இன்னொன்று வைத்தார்கள், அதுவும் தீர்ந்தது. வேலிக்கு அப்பால் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "பாதிரியாரைக் கூப்பிடுங்க, சாகப்போறவங்களுக்குப் பூசற கடைசி எண்ணெயைப் பூசிடட்டும்" என்றார். யெர்கோ கல்லை எடுத்தார். எறிந்தது வேறு திசையில், கோழிக்கூட்டில் போய் விழுந்தது.

வெள்ளிக்கிழமை. காலை முழுக்க நெதில்கோ மறுபடி எல்லாவற்றையும் கழற்றினான். ஊமை இன்ஜெக்டருக்குப் பதில் வேறொன்று மாட்டினான். மதியம் போய்விட்டது. யெர்கோ வெள்ளைச் சட்டையும் ஸ்லாவென் கல்யாணத்துக்காகத் தைத்து வைத்த கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் கோட்டுப் பித்தான் எட்டவில்லை.

மூன்றே முக்காலுக்கு அது தும்மியது.

முதலில் ஒரு தும்மல். அப்புறம் இருமல். அப்புறம் பின்பக்கக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி, அஞ்ஜா காயப்போட்ட துணியை எல்லாம் சாம்பல் நிறமாக்கி, பக்கத்து மலையில் காட்டுத்தீ என்று இரண்டு பேர் தீயணைப்புக்குப் போன் பண்ணுகிற அளவுக்குப் போனது. ஆறில் ஐந்து சிலிண்டர் பிடித்தது. நெதில்கோ குனிந்து எதையோ கால் சுற்றுத் திருகினான். ஆறாவதும் பிடித்தது. சத்தம் மெல்ல மெல்ல ஒரே இழையாகச் சேர்ந்தது.

யெர்கோ எழுந்து வந்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சித்தப்பா, கேளுங்க." நெதில்கோ அவர் காதில் கத்தினான். "நடுவுல அணைச்சிடாதீங்க. சூட்டுல அணைச்சா அழுத்தம் இறங்கிடும், உருளை மறுபடி ஒட்டிக்கும். அப்புறம் இன்னைக்குப் பிடிக்காது. போற வழியெல்லாம் ஓடிட்டே இருக்கட்டும். நான் பக்கத்துல உட்கார்றேன்."

"நீ எதுக்கு?"

"கேன்ல கசிஞ்சா பார்க்கணும்ல." அவன் கை, ஹேண்ட் பிரேக்குக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

யெர்கோ ஸ்டீரிங்கைப் பிடித்தார். மணி நாலு. கீழே இமோட்ஸ்கியில் காபிக் கடைகள் நிறைகிற நேரம். அவர் கண்களில் இரண்டு வருஷமாக எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு சாம்பல் துணி தொங்கியது. ஓரங்கள் தெரியும். இடது ஓரத்தில் அத்தி மரம், வலது ஓரத்தில் கிணறு. நடுவை அவர் நினைவிலிருந்து வரைந்துகொள்வார். சின்ன வண்டியில் உருளைக்கிழங்கு ஏற்றிப் போனதெல்லாம் அந்த மாதிரி வரைந்துகொண்டுதான். இப்போதும் வரைந்தார். கேட் திறந்திருக்கிறது. அதற்கு அப்பால் சாலை. சாலையில் யாரும் இல்லை. கியரைப் போட்டார். வண்டி எண்ணெய் மேல் வழுக்குவது போல நகர்ந்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் பனியில் நகர்ந்த அதே நகர்வு. அவருக்குச் சிரிப்பு வந்தது.

"யெர்கோ!"

நெதில்கோ பிரேக்கை இழுத்ததும் அவர் காலால் அழுத்தியதும் ஒன்றாக நடந்தது. அஞ்ஜாவின் குரல் நேர் எதிரே, மிகப் பக்கத்தில் இருந்தது. பானெட் நுனி நட்சத்திரத்துக்கும் அந்தக் குரலுக்கும் ஒரு ஜாண் இருந்திருக்கும்.

"எதுக்கு வழியில வந்து நிக்கிற?" என்று கத்தினார் யெர்கோ.

"நான் எங்க வந்தேன்? கேட்டைத் திறந்துட்டு இங்கேயேதான் நிக்கிறேன். நீ வண்டியில ஏறினதிலிருந்து இங்கேயேதான். உனக்குக் கையைக்கூட ஆட்டினேன். நீ என்னைப் பார்த்துச் சிரிச்ச."

யெர்கோ குரல் வந்த திசையைப் பார்த்தார். சாம்பல் துணி. தலையை லேசாகத் திருப்பினார். துணியின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பாவாடையின் விளிம்பு வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். ஆட்டிய நிலையிலேயே நின்றுவிட்ட ஒரு கை தெரிந்தது.

எஞ்சின் ஆறு சிலிண்டரிலும் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாழ்நாளில் அது அவ்வளவு நன்றாக ஓடியதில்லை.

"சித்தப்பா," என்றான் நெதில்கோ மெதுவாக. "நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்காருங்க. கடைத்தெருவுல ஜன்னலை இறக்கிவிட்டு, ராஜா மாதிரி..."

"பத்தொன்பது வருஷம் என்னை எவனோ ஓட்டின வேன்லதான் வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்றார் யெர்கோ.

கையை நீட்டினார். சாவி இருக்கும் இடம் விரலுக்குத் தெரியும். நெதில்கோ, "வேண்டாம், வேண்டாம்" என்பதற்குள் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார்.

அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு முற்றத்தில் வாத்து நடப்பதுகூடக் கேட்டது. அஞ்ஜா வந்து ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். அவர் முகத்துக்கு முன்னால், எத்தனை என்று கேட்க, இரண்டு விரலை நீட்டினாள், உடனே மடக்கிக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டாள்.

"இறங்குறேன், நகரு."

இன்றைக்கு இனி வண்டி பிடிக்காது, கேட்டிலிருந்து கொட்டகைக்கு மேடு. நெதில்கோ ஜன்னல் வழியே கையை விட்டு ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டான். அஞ்ஜா ஒரு பக்கமும் யெர்கோ ஒரு பக்கமும் முன்னாலிருந்து தோள் கொடுத்தார்கள். கோட்டின் முதுகுத் தையல் விட்டது. "நிறுத்தலாமா?" என்று கேட்டான் நெதில்கோ. "தள்ளு" என்றார் யெர்கோ.